கிளட்சை மெல்ல விடு, கோகிலா

டிசம்பர் 2, திங்கள்

உரக் கம்பெனிக்காரர்கள் எப்போதோ கொடுத்த டைரி. அச்சடித்த தேதியை அடித்துவிட்டு நானே தேதி போட்டுக்கொள்கிறேன். எனக்கு எழுதுகிற வழக்கமெல்லாம் கிடையாது. வேறு வேலை இல்லாததால் எழுதுகிறேன்.

சனிக்கிழமை கடையில் மேல்தட்டிலிருந்த ஃபுட்வால்வை எடுக்க ஸ்டூலில் ஏறினேன். ஸ்டூல் ஒரு பக்கம் போனது, நான் ஒரு பக்கம் போனேன். இடது கணுக்காலில் எலும்பு விரிசல். தை பிறக்கும்வரை மாவுக்கட்டு இருக்கும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். பொள்ளாச்சியில் மோட்டார் பம்ப்செட் சாமான் கடை வைத்திருக்கிறவன் காலைத் தூக்கி நாற்காலி மேல் வைத்துக்கொண்டு உட்கார்ந்தால் வியாபாரம் எப்படி நடக்கும்?

"நான் கூட்டீட்டுப் போறனுங்க. கடைலயும் கூட இருந்து சாமான் எடுத்துக் குடுக்கறேன்" என்றாள் என் மனைவி கோகிலா. அதாவது, என் அம்பாசிடரை அவள் ஓட்டப்போகிறாள்.

இதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். ஆறு மாதத்துக்கு முன்பு, நான் கடையில் இருக்கும் மத்தியான நேரமாகப் பார்த்து, கோகிலா ஒரு டிரைவிங் ஸ்கூலில் சேர்ந்து லைசென்ஸ் வாங்கிவிட்டாள். அதைச் சாமி படத்துக்கு முன்னால் வைத்துப் பொட்டு வைத்த பிறகுதான் எனக்கே சொன்னாள். ஐம்பத்திரண்டு வயதில் எதற்கு இது என்று கேட்டேன். "ஆகட்டுமுங்க" என்றாள். அவள் "ஆகட்டுமுங்க" என்றால் அந்தப் பேச்சு அத்தோடு முடிந்தது என்று அர்த்தம்.

டிசம்பர் 4, புதன்

கோட்டூர் ரோட்டு வீட்டிலிருந்து கடைவரை ஓட்டினாள். இடித்தாள் என்று சொல்ல முடியாது. ஆனால் ஒரு மாட்டு வண்டி எங்களை முந்திக்கொண்டு போனது.

வழியெல்லாம், "கிளட்சை மெல்ல விடு, கோகிலா" என்று சொல்லிக்கொண்டே வந்தேன். கடை வந்ததும் அவள், "காலை எடுங்க மாமா, அங்கெ கிளட்ச் இல்லீங்க" என்றாள். குனிந்து பார்த்தேன். மாவுக்கட்டுக் காலால் தரையை அழுத்திக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். வலியே தெரியவில்லை.

டிசம்பர் 6, வெள்ளி

நல்ல நாள். நடக்க முடியாதவனுக்கும் செய்ய ஒரு வேலை கிடைத்துவிட்டது.

வருடா வருடம் ஆயுத பூஜைக்கு வண்டியைக் கழுவி, அடிப்பக்கம் துரு ஏறாமல் இருக்க டீசல் அடிப்பேன். இந்தத் தடவை மழை விடாமல் பெய்திருப்பதால் ஒரு தரம் அடித்தது போதாது. வாசல் சரிவில் வண்டியை நிறுத்தச் சொல்லி, தென்னைக்கு மருந்தடிக்கும் கைத்தெளிப்பானில் டீசலும் கொஞ்சம் பழைய ஆயிலும் கலந்து, நாற்காலியில் உட்கார்ந்தபடியே குழாயை அடியில் நீட்டி அடித்தேன். பளபளவென்று ஆகிவிட்டது. இனி வெள்ளிக்கிழமைதோறும் அடிப்பதாக முடிவு செய்திருக்கிறேன்.

தொண்ணூற்று நான்காம் வருட வண்டி. அதைவிடப் புதிய வண்டிகள் எத்தனையோ காயலான் கடைக்குப் போய்விட்டன. என் வண்டி போகாததற்கு இதுதான் காரணம்.

டிசம்பர் 9, திங்கள்

ஆனைமலை நாச்சிமுத்து அண்ணன் கடைக்கு வந்தார். அவருடைய ஆயில் என்ஜினையும் பம்பையும் இணைக்கிற கப்ளிங்கில் ரப்பர் புஷ் உப்பிப் போயிருக்கிறது. என்ஜினை ஸ்டார்ட் செய்தால் 'டமார்' என்று அடிக்கிறதாம்.

"உங்க என்ஜின்ல டீசல் ஒழுகுதுங்ணா. டீசலும் ரப்பரும் ஆகவே ஆகாது. எத்தன தடவை சொல்றது? ஒழுக்கை அடைக்காம புஷ்ஷு மட்டும் மாத்தி என்ன புண்ணியம்?" என்று சத்தம் போட்டேன். பாவம், தலையைத் தலையை ஆட்டினார். கோகிலாதான் புது புஷ்ஷைப் பொட்டலம் கட்டிக் கொடுத்தாள். கடை வேலையை நன்றாகப் பிடித்துக்கொண்டாள். இவ்வளவு நாள் ஏன் கூப்பிடவில்லை என்று தோன்றியது.

டிசம்பர் 14, சனி

நேற்று டீசல் அடித்தேன்.

இன்று காலை வண்டி கிளம்பும்போது காலுக்குக் கீழே எங்கேயோ 'தொம்' என்று ஒரு சத்தம். மூட்டைக்காரன் நெல் மூட்டையைத் திண்டில் போட்டால் வருமே, அந்த மாதிரி. காந்தி சிலை அருகே நின்று கிளம்பும்போது மறுபடியும் 'தொம்'. ஆக்சிலேட்டரைச் சட்டென்று விட்டாலும் 'தொம்'.

"என்னங்க அது?" என்றாள்.

"கிளட்ச்" என்றேன்.

டிசம்பர் 15, ஞாயிறு

மகாலிங்கபுரம் பக்கம் காலியாக இருந்த சாலையில் பயிற்சி கொடுத்தேன். கிளம்பு, நில், கிளம்பு, நில். சத்தம் வந்த தடவைகளைவிட வராத தடவைகள் அதிகம். அவள் மெல்ல விட்டால் வரவில்லை, கொஞ்சம் வேகமாக விட்டால் வருகிறது. ஆகவே தப்பு காலில்தான் என்று விளக்கினேன்.

"மொத ஒரு வாரம் எனக்குப் பழக்கமே இல்ல, அப்பப் புடுங்கிப் புடுங்கி உட்டேன். அப்பெல்லாம் ஏனுங்க சத்தம் வர்ல?" என்று கேட்டாள்.

மத்தியானம் கொள்ளும் சோறும். வெயில் இதமாக இருந்தது.

டிசம்பர் 20, வெள்ளி

சத்தம் கூடிவிட்டது. அடிப்பக்கத்திலிருந்து வருகிறது என்பதால் இன்று அடிப்பக்கத்தை இன்னும் கவனமாகப் பார்த்து, கியர்பாக்ஸ் பக்கமெல்லாம் நன்றாக நனையும்படி இரண்டு மடங்கு டீசல் அடித்தேன்.

டிசம்பர் 22, ஞாயிறு

நித்திலா வால்பாறையிலிருந்து பேசினாள். எங்கள் ஒரே பெண். அங்கே அரசு கால்நடை மருத்துவராகப் போய் ஒரு வருடத்துக்கு மேலாகிறது. இதுவரை இன்னொரு பெண்ணோடு ஓர் அறையில் இருந்தாள். இப்போது குவார்ட்டர்ஸ் கிடைத்துவிட்டதாம். தை மாதம் இருபதாம் தேதி, பிப்ரவரி இரண்டு, ஞாயிற்றுக்கிழமை பால் காய்ச்சுவது என்று முடிவாகியிருக்கிறது.

நாங்கள் இதுவரை மேலே போய் அவளைப் பார்க்கவில்லை. போகக்கூடாது என்றில்லை. கிளம்புகிற நேரம் பார்த்து லாரியில் பைப் வந்து இறங்கும், அல்லது யாருக்காவது மோட்டார் புகைந்துவிடும். அவள்தான் பஸ்ஸில் வந்து போகிறாள்.

"நானே ஓட்டீட்டு வரேன் கண்ணு, உங்கொப்பனையும் தூக்கிப் போட்டுட்டு" என்று கோகிலா போனில் சொல்லிக்கொண்டிருந்தாள். அப்போதுதான் எனக்கு உறைத்தது. அவள் டிரைவிங் ஸ்கூலில் சேர்ந்த மாதமும் நித்திலா வால்பாறையில் காய்ச்சலில் படுத்திருந்த மாதமும் ஒன்றுதான். அப்போது நான் அடுத்த வாரம் போகலாம் என்று சொல்லியிருந்தேன்.

நாற்பது கொண்டை ஊசி வளைவு. இந்தத் தொம்மை வைத்துக்கொண்டு.

டிசம்பர் 28, சனி

மெக்கானிக் சிக்கந்தர் பாயிடம் விட்டோம். அவர் வண்டியை ஓட்டிப் பார்க்கச் சாவிக்குக் கையை நீட்டினார். அதெல்லாம் வேண்டாம், எனக்குத் தெரியும், கிராஸ்தான் போயிருக்கும் என்றேன். கியர்பாக்ஸிலிருந்து பின் ஆக்சிலுக்குப் போகிற நீளக் கம்பிக்கு இரண்டு முனையிலும் இருக்கிற மூட்டுதான் கிராஸ். தேய்ந்துவிட்டால் கிளம்பும்போது இடிக்கும். பாய் பின்பக்கத்தை ஜாக்கியில் தூக்கி, கம்பியைக் கையால் திருகிப் பார்த்தார்.

"லேசா ஆட்டம் இருக்குதுண்ணா. ஆனா இந்த ஆட்டத்துக்கு அந்தச் சத்தமெல்லாம் வராது."

"மாத்துங்க பாய்" என்றேன். மாற்றினார். திரும்பி வரும்போது சத்தம் பாதியாகக் குறைந்திருந்தது. கண்டுபிடித்துவிட்டேன் என்று கோகிலாவிடம் சொன்னேன். வழியில் நிறுத்தி இரண்டு பேரும் கரும்புச் சாறு குடித்தோம். சந்தோஷமான நாள். நேற்று அடிக்க விட்டுப்போன டீசலை வீட்டுக்கு வந்ததும் அடித்தேன்.

டிசம்பர் 31, செவ்வாய்

தொம்.

அதோடு புதிதாக ஒன்று. நாற்பதைத் தாண்டினால் வண்டி நடுங்குகிறது. தரை நடுங்குகிறது, சீட் நடுங்குகிறது, முன்னால் வைத்திருக்கும் பிள்ளையாரும் நடுங்குகிறார். ஐம்பத்தைந்தைத் தாண்டினால் நடுக்கம் நின்றுவிடுகிறது. கோகிலா ஐம்பத்தைந்துக்கு மேல் போவதில்லை என்பதால் எப்போதும் நடுங்கிக்கொண்டேதான் போகிறோம்.

ஜனவரி 3, வெள்ளி

டீசல் அடித்தேன். சக்கரங்களுக்கு பேலன்ஸ் பார்த்தோம். பட்டை ஸ்பிரிங்கின் யூ போல்ட்டையும் முறுக்கியாகிவிட்டது. பலன் இல்லை. கோகிலாவின் அக்கா வந்து வண்டிக்குத் திருஷ்டி கழித்துப் பூசணிக்காய் உடைத்துவிட்டுப் போனாள். அதற்கும் பலன் இல்லை.

ஜனவரி 5, ஞாயிறு

ஒரு பரிசோதனை. ஆக்டிங் டிரைவர் திருமூர்த்தியை வரவழைத்து ஓட்டச் சொன்னேன். இருபது வருடமாக ஊரிலுள்ள எல்லார் வண்டியையும் ஓட்டுகிறவன். நான் முன்னால், கோகிலா பின்னால்.

தெருமுனையிலேயே 'தொம்'.

கண்ணாடியில் பின் சீட்டைப் பார்த்தேன். ஜன்னல் வழியாகத் தென்னந்தோப்பைப் பார்த்துக்கொண்டு வந்தாள். சிரிக்கவில்லை என்றுதான் நினைக்கிறேன்.

திருமூர்த்தி கொஞ்ச நாளாகப் புது வண்டிகளையே ஓட்டுவதால் அவனுக்கும் கிளட்ச் பழக்கம் போதவில்லை.

ஜனவரி 6, திங்கள்

இன்று சண்டை.

வால்பாறைக்குத் திருமூர்த்தி ஓட்டட்டும், இந்தச் சத்தத்தோடு மலையில் உன்னை விட மாட்டேன் என்று காலையில் சொன்னேன். நல்லெண்ணத்தில்தான் சொன்னேன். தோசைக் கரண்டியை வைத்துவிட்டு அவள் கேட்டாள்:

"அவன் ஓட்டுனாலும் சத்தம் வருதல்லங்க? அவன உடுவீங்க, என்னைய உட மாட்டீங்களா?"

"அவன் டிரைவர்."

"அப்பச் சரி. நீங்க டிரைவர் வெச்சுட்டுப் போங்க. நான் பஸ்ல போயிக்கறேன். புள்ளையப் பாக்கறதுக்கு ஒரு வருசமா உங்க கடைக்கு லீவு எப்பன்னு பாத்துட்டு ஒக்காந்திருந்தேன். இனி உங்க வண்டிக்கு எப்ப ஒடம்பு சரியாகும்னு பாத்துட்டு ஒக்கார முடியாதுங்க."

தோசை தீய்ந்துவிட்டது. அதையும் சாப்பிட்டேன்.

ஜனவரி 10, வெள்ளி

டீசல் அடித்தேன். மாமா என்ற சொல் இந்த வீட்டில் நான்கு நாளாகக் கேட்கவில்லை.

ஜனவரி 14, செவ்வாய்

பொங்கல். பால் கிழக்கே பொங்கி வழிந்தது. அந்தச் சந்தோஷத்தில் கோகிலா தன்னை மறந்து, "மாமா, பாருங்க!" என்றாள். பிறகு ஞாபகம் வந்து உதட்டைக் கடித்துக்கொண்டாள். ஆனால் சொன்னது சொன்னதுதான். சர்க்கரைப் பொங்கல் மூன்று தடவை வாங்கிச் சாப்பிட்டேன்.

வால்பாறை விஷயம் அப்படியேதான் இருக்கிறது. அவள் பஸ் நேரம் விசாரித்து காலண்டரில் எழுதி வைத்திருக்கிறாள்.

ஜனவரி 20, திங்கள்

மாவுக்கட்டு எடுத்தாயிற்று. கால் வெளுத்து, மெலிந்து, யாருடைய காலோ மாதிரி இருக்கிறது. ஒரு வாரம் கழித்து வண்டி ஓட்டலாம் என்றார் டாக்டர்.

வீட்டுக்கு வந்ததும் கோகிலா உள்ளே போன நேரம் பார்த்துச் சாவியை எடுத்தேன். தெருக்கோடிவரைதான். கிளட்சை மெல்ல, மிக மிக மெல்ல விட்டேன்.

தொம்.

கால் இன்னும் பழைய நிலைக்கு வரவில்லை. அதனால்தான்.

திரும்பி வந்தபோது கேட்டருகே நின்றிருந்தாள். "மூணு பேருக்கும் ஒரே கிளட்ச்சுத்தானுங்களா?" என்று கேட்டுவிட்டு, காயப்போட்ட துணியை எடுக்கப் போய்விட்டாள்.

ஜனவரி 21, செவ்வாய்

கடைசி முடிவுக்கு வந்துவிட்டேன். கிரவுன்தான். பின் ஆக்சிலுக்குள் இருக்கிற பல்சக்கரம். பல் தேய்ந்து இடைவெளி விழுந்தால் இடிக்கத்தான் செய்யும். கோயம்புத்தூர் உக்கடத்தில் பழைய கிரவுன் ஒன்று இருக்கிறது என்று சொல்லி வைத்திருக்கிறார்கள். சனிக்கிழமை வந்துவிடும். ஆக்சிலைப் பிரித்து மாட்டி, சரிபார்த்து முடிக்க ஒரு வாரத்துக்கு மேல் ஆகும் என்கிறார் பாய். அப்படியென்றால் பால் காய்ச்சுகிற அன்று வண்டி ஆக்சில் இல்லாமல் கட்டை மேல் நிற்கும்.

கோகிலாவிடம் சொன்னேன். "செரிங்க" என்றாள். "ஆகட்டுமுங்க" கூட இல்லை.

மனது கஷ்டமாக இருந்தது. அவள் நன்றாகத்தான் ஓட்டுகிறாள். இதை அவளிடம் சொன்னதில்லை. மார்க்கெட் ரோட்டில் லாரிக்கும் பஸ்ஸுக்கும் நடுவே போகும்போது நான்தான் கண்ணை மூடிக்கொள்கிறேன், அவள் மூடுவதில்லை.

ஜனவரி 23, வியாழன்

நாச்சிமுத்து அண்ணன் மறுபடியும் வந்தார். அதே புஷ், அதே உப்பல். ஒழுக்கை அவர் அடைக்கவே இல்லை.

கோகிலா அந்த ரப்பரை வாங்கி விரலால் அமுக்கிப் பார்த்தாள். அமுங்கியது அமுங்கியபடியே நின்றது. "கல்லாட்டம் இருக்க வேண்டியதுங்களே. இது எதனால இப்படிப் பணியாரமாட்ட ஆச்சுங்க?" என்று கேட்டாள்.

ஆர்வமாகக் கேட்கிறாளே என்று விளக்கமாகச் சொன்னேன். ரப்பர் எதற்கு இருக்கிறது? ஒரு இரும்பு இன்னொரு இரும்பை இடிக்காமல் தாங்கிக்கொள்ள. டீசல் பட்டால் அது ஊறி உப்பி மெத்தென்று ஆகிவிடும். அப்புறம் அதனால் தாங்க முடியாது. என்ஜின் இழுக்கிற ஒவ்வொரு தடவையும் இடிக்கும். இருக்க வேண்டிய மட்டத்திலிருந்து இறங்கிவிடும். மட்டம் தப்பினால் சுற்றுகிறதெல்லாம் நடுங்கும்.

"எடிக்கும், அப்பறம் நடுங்கும்" என்றாள்.

"ஆமா."

"டீசல் பட்டா."

"அதத்தானே சொல்றேன்."

என்னையே பார்த்தாள். ஏன் அப்படிப் பார்த்தாள் என்று தெரியவில்லை. நாச்சிமுத்து அண்ணன் நடுவில் நின்று இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார்.

ஜனவரி 24, வெள்ளி

காலையில் தெளிப்பானைத் தேடினேன். வழக்கமான இடத்தில் இல்லை.

கோகிலா என்னை உட்காரவைத்துக்கொண்டு, கடைக்குத் திரும்ப வேண்டிய இடத்தில் திரும்பாமல் நேராகச் சிக்கந்தர் பாயிடம் ஓட்டிப் போய்விட்டாள். "பாய், கிரவுன் அப்பறம். மொதல்ல பானட்டைத் தொறந்து வெச்சுட்டு என்ஜினைப் பாருங்க. நான் கிளட்ச் உடறேன்" என்றாள். ஹேண்ட் பிரேக்கை இறுக்கி இழுத்தாள். ஃபர்ஸ்ட் கியர் போட்டாள். கிளட்சை மெல்ல மெல்ல மேலே விட்டாள். வண்டி நகரவில்லை, ஆனால் என்ஜின் ஒரு பக்கமாக எக்கி எழுந்து 'தொம்' என்று உட்கார்ந்தது. நானே பார்த்தேன்.

பாய் படபடவென்று அடியில் போனார். அப்புறம் அடியிலிருந்து குரல் மட்டும் வந்தது.

"அண்ணா! இது கியர்பாக்ஸ் மவுண்டிங்கா, டீயில ஊறப்போட்ட பன்னா?"

கியர்பாக்ஸைத் தாங்கியிருந்த ரப்பர் கட்டையில் ஒரு துண்டைப் பிய்த்து வெளியே எறிந்தார். கருப்பாக, ஊறிப்போய், பிசுபிசுவென்று. முன்னால் இருக்கும் என்ஜின் மவுண்டிங்குகளும் அதே கதிதான். கியர்பாக்ஸ் அப்படியே கீழே இறங்கி உட்கார்ந்துவிட்டதாம். அதனால் பின்னால் போகிற கம்பியும் சாய்ந்துபோய், அந்த நடுக்கம். கிரவுனில் ஒரு குறையும் இல்லை.

பாய் வெளியே வந்து கையைத் துடைத்துக்கொண்டே மோந்து பார்த்தார். "டீசல் நாத்தம் அடிக்குதுண்ணா. அடியெல்லாம் ஈரமா இருக்குது. யாருங்ணா இப்படிக் குளிப்பாட்டுனது?"

நான் வாயைத் திறந்தேன். அதற்குள் கோகிலா, "பழைய வண்டிதானுங்க பாய். ரப்பருக்கும் வயசாகுமல்ல?" என்றாள்.

பாய் அவளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், என் காலைப் பார்த்தார். "ஆமாங்க்கா. வயசுதான்" என்றார்.

ஆக, காரணம் வயது. சரியான விளக்கம். இதற்கு மேல் இங்கே எழுத ஒன்றுமில்லை.

ஒன்று மட்டும் எழுதிவிடுகிறேன். முப்பது வருடத்தில் அவளுக்கு நான் எத்தனையோ புடவை வாங்கிக் கொடுத்திருக்கிறேன். அந்த ஒரு பதிலுக்கு ஈடாக அதில் ஒன்றும் தேறாது.

ஜனவரி 25, சனி

புது மவுண்டிங் மாட்டியாயிற்று. உக்கடத்துக்குப் போன் செய்து கிரவுன் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். அடிப்பக்கத்தைச் சோப்புத் தண்ணீர் விட்டுக் கழுவச் சொன்னேன். மழைச்சேறு நிறைய இருந்தது.

தெளிப்பான் அரிசி மூட்டைக்குப் பின்னால் இருந்தது. அதை எடுத்துப் போய் நாச்சிமுத்து அண்ணனிடம் கொடுத்துவிட்டேன். "தென்னைக்கு மருந்தடிக்கணும்னு கேட்டீங்களே" என்றேன்.

"நான் எப்பக் கேட்டேன்?" என்றார்.

"கேட்டீங்க" என்றேன்.

ஜனவரி 31, வெள்ளி

வெள்ளிக்கிழமை. காலையில் கை சும்மா இருக்கவில்லை. முருங்கைக்காய் பறித்தேன். தேவைக்கு மேல் பறித்துவிட்டேன்.

காலண்டரில் பஸ் நேரத்தை யாரோ கோடு போட்டு அடித்திருக்கிறார்கள். நான் அடிக்கவில்லை. பேனா என்னுடையது.

பிப்ரவரி 2, ஞாயிறு

வீட்டுக்கு வந்து குளித்துவிட்டு எழுதுகிறேன். உடம்பு அலுப்பு, மனதில் ஒரு குறையும் இல்லை.

விடிவதற்கு முன்பே கிளம்பினோம். பால் பாத்திரம், குத்துவிளக்கு, ஒரு பை முருங்கைக்காய். ஆழியாறு செக்போஸ்ட் தாண்டி ஏறத் தொடங்கினோம். ஒவ்வொரு வளைவிலும் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ஒன்றும் இல்லை. என்ஜின் ஒரே சீராக முனகிக்கொண்டு ஏறியது.

ஒன்பதாவது வளைவில் மேலிருந்து பஸ் வந்துவிட்டது. எங்களை நிறுத்திவிட்டுத் திரும்ப இடம் கேட்டது. நாங்கள் நிற்பது ஏற்றம். பின்னால் ஒரு ஜீப் மூக்கை ஒட்டி நிற்கிறது. ஜீப்புக்கு அந்தப் பக்கம் கைப்பிடிச் சுவர், அதற்கப்புறம் ஆழியாறு அணை முழுவதும் கீழே தெரிகிறது. கண்டக்டர் இறங்கி வந்து வண்டிக்குள் குனிந்து பார்த்தார். "சார், நீங்க ஓட்ட மாட்டீங்களா?" என்றார்.

"அவங்களே ஓட்டுவாங்க" என்றேன்.

நான்தான் அப்படிச் சொன்னேன். சொல்லிவிட்டுக் கோகிலாவைப் பார்க்காமல் மலையைப் பார்த்தேன்.

பஸ் கடந்து போனது. கோகிலா ஹேண்ட் பிரேக்கை இழுத்தபடியே கியர் போட்டு, கிளட்சை விட்டுக்கொண்டே வந்து, பிடிக்கிற இடம் வந்ததும் பிரேக்கை இறக்கினாள். வண்டி ஒரு விரற்கடைகூடப் பின்னால் போகவில்லை. சத்தம் இல்லை, நடுக்கம் இல்லை. தண்ணீரில் தோணி நகருகிற மாதிரி நகர்ந்தது. எனக்கு அழுகை வரும்போல இருந்தது. சந்தோஷத்தில்தான். "கிளட்சை மெல்ல..." என்று ஆரம்பித்த நான், "மெல்லத்தான் விட்டே" என்று முடித்தேன்.

"காலை எடுங்க மாமா" என்றாள். எடுத்துவிட்டேன்.

நித்திலா வாசலில் நின்றிருந்தாள். சுற்றிலும் தேயிலை, வீட்டுக்குப் பின்னால் பனி. வண்டி நின்றதும் வலது பக்கக் கதவைத் திறக்க ஓடி வந்தாள். அங்கே அம்மா இருப்பதைப் பார்த்து அப்படியே ஸ்டியரிங்கோடு சேர்த்துக் கட்டிப்பிடித்துக்கொண்டாள். ஹாரன் அடித்துவிட்டது. பக்கத்து வீட்டுக்காரர்கள் எல்லாரும் வெளியே வந்துவிட்டார்கள். "எங்கம்மா ஓட்டிட்டு வந்தாங்க, பொள்ளாச்சியிலிருந்து" என்று ஒவ்வொருவரிடமும் சொன்னாள். நானும் இரண்டு பேரிடம் சொன்னேன்.

பால் நன்றாகப் பொங்கியது. அந்த வீட்டு ஜன்னலிலிருந்து பார்த்தால் மலைக்கு மேல் மலையாகத் தெரிகிறது. ஒரு வருடமாக என் பெண் இதைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள், நான் கடையில் உட்கார்ந்து வால்வு விற்றுக்கொண்டிருந்தேன். அடுத்த மாதமும் வருகிறோம் என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறோம். கடைக்கு மாதத்தில் ஒரு சனிக்கிழமை லீவு விடலாம். ஒன்றும் குடி முழுகிவிடாது.

இறங்கும்போது அட்டகட்டி தாண்டியது ஞாபகம் இருக்கிறது. அதற்கப்புறம் கோகிலா தோளைத் தட்டியபோது ஆழியாறு வந்திருந்தது. நாற்பது வளைவில் முக்கால்வாசி எங்கே போனதென்று தெரியவில்லை.

"நல்ல தூக்கமுங்களா?" என்றாள்.

"தூங்கல. கண்ண மூடீட்டுச் சத்தம் வருதான்னு கேட்டுட்டிருந்தேன்."

"வந்துச்சுங்களா?"

"இல்ல" என்றேன்.

பிப்ரவரி 3, திங்கள்

டாக்டரிடம் காட்டினேன். கால் முழுசாகச் சேர்ந்துவிட்டது, தாராளமாக வண்டி ஓட்டலாம் என்றார். கோகிலாவும் கூடவே இருந்து கேட்டாள்.

பிப்ரவரி 4, செவ்வாய்

காலையில் கடைக்குக் கிளம்பும்போது கோகிலா சாவியை என்னிடம் நீட்டினாள். அவள் முகம் எப்போதும் போலத்தான் இருந்தது. ஆனால் சாவியைக் கொஞ்சம் இறுக்கிப் பிடித்திருந்தாள்.

"கால் இன்னும் வலிக்குது" என்றேன். "இன்னுமொரு மாசம் நீயே ஓட்டு. அதுக்கப்புறம் பாக்கலாம்."

இடது பக்கக் கதவைத் திறந்து உட்கார்ந்து, காலைத் தடவிக்கொண்டேன். பாதி வழியில்தான் கவனித்தேன், வலது காலைத் தடவிக்கொண்டிருக்கிறேன். உடைந்தது இடது கால். கோகிலாவும் பார்த்துவிட்டாள். கியரை மாற்றினாள்.